பக்கத்துக் கடையைப் பார்த்துக்கொண்டவர்

பாய்,

இன்றைக்கு மதியம் உங்கள் கடை ஷட்டரைத் தூக்கினேன். உள்ளே ஒரு பை கூட இல்லை. போன வாரமே உங்கள் மகன் வேன் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மேலே வரிசையாகக் கொக்கிகள் மட்டும் தொங்குகின்றன. ஆனால் அந்த வாசனை மட்டும் போகவில்லை. புது ரெக்சினும் பிளாஸ்டிக் கவரும் நீங்கள் காலையில் கொளுத்தும் ஊதுபத்தியும் கலந்த வாசனை. பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் இந்த மார்க்கெட் வரிசை முழுக்க அடிக்குமே, அதே வாசனைதான். எத்தனை தடவை மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களைத் திட்டியிருப்பேன், என் கடைத் துணியெல்லாம் பை நாற்றம் அடிக்கிறது என்று. அதே நான் இன்றைக்கு அது வெளியே போய்விடக் கூடாதென்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றேன். பைத்தியக்காரிதான். சிரித்துக்கொள்ளுங்கள்.

சாவியை உங்கள் மகன் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனான். மாதக் கடைசியில் ஓனர் வீட்டில் சேர்த்துவிடச் சொன்னான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் கொக்கியில் பை மாட்டவா வருவான்? அவன் வரக்கூடாது என்று ஆசைப்பட்டதே நீங்கள்தானே.

விஷயம் இதுதான். நம் வரிசையை இடிக்கப் போகிறார்கள். பழைய ஓனரின் பேரன் பெங்களூரிலிருந்து வந்து போனில் படம் காட்டினான். மாடி மேல் மாடி, கண்ணாடிக் கதவு, லிஃப்ட். பழைய ஆள் என்பதால் எனக்குக் கீழேயே ஒரு கடை தருகிறானாம். தங்கமான பையன், 'ஆன்ட்டி, ஆன்ட்டி' என்று மரியாதையாகத்தான் பேசினான். இதில் பகல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் தம்பி என்று கேட்டேன். எல்லாம் எல்இடி போட்டுக்கலாம் ஆன்ட்டி என்றான். ரவிக்கைக்குக் கலர் பார்த்துத் துணி வெட்டுகிற மேட்சிங் கடைக்காரியிடம் சொல்கிற பேச்சா அது? வேண்டுமா வேண்டாமா என்று வருகிற திங்கட்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும்.

என் மகள் வேண்டாம் என்கிறாள். கூடுவாஞ்சேரியில் அவள் வீட்டுக்குக் கீழே ரோட்டைப் பார்த்த மாதிரி ஓர் அறை சும்மா கிடக்கிறது, அங்கே வந்து கடை போடு, பேரனையும் பார்த்த மாதிரி இருக்கும் என்கிறாள். அதுவும் நியாயம்தான். உங்களைக் கேட்காமல் நான் எந்த முடிவும் எடுத்ததில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டதுமில்லை, அது வேறு. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இங்கே வந்தபோது எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷம் கூடத் திரும்பவில்லை. லைனிங் துணி, ஃபால்ஸ், ஹூக், பட்டன், நூல்கண்டு. இவ்வளவுதான் சரக்கு. வியாபாரம் என்றால் என்னவென்று தெரியாத வாத்தியார் வீட்டுப் பெண். நம் வரிசை அப்போது ஓட்டுக் கூரையும் பலகைக் கதவுமாக இருந்தது. அந்தப் பக்கம் நாட்டு மருந்துக் கடை, இந்தப் பக்கம் உங்கள் பை கடை, கோடியில் டீக்கடை. எனக்கு மட்டும் புதிதாக ஷட்டர். அதைக் கண்டால் எனக்கே பயம். பாத்ரூம் போக வேண்டுமென்றால் பின் தெருவில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காக ஒவ்வொரு தடவையும் அந்த ஷட்டரைக் கடகடவென்று இறக்கிப் பூட்டுவேன். வந்த வாடிக்கையெல்லாம் திரும்பிப் போய்விடும். தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும் என்று தண்ணீரையே குறைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் பார்த்தீர்கள். அப்புறம் பொறுக்க முடியாமல் வந்துவிட்டீர்கள்.

"இன்னாமா, சும்மா சும்மா ஷட்டர இறக்கினு பேஜார் பண்ற? ஸ்டூல வாசல்ல குறுக்க போட்டுட்டு ஒரு குரல் குடுத்துட்டுப் போ. நான் கீறேன்ல."

அதுதான் இந்த வரிசையின் வழக்கம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாசலில் ஸ்டூல் குறுக்கே கிடந்தால் கடைக்காரர் பக்கத்தில் எங்கோ போயிருக்கிறார் என்று அர்த்தம். பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்து வியாபாரத்தைப் பார்ப்பார். வங்கியோ ஆஸ்பத்திரியோ பிள்ளையின் பள்ளிக்கூடமோ, யாரும் கடையைப் பூட்டிவிட்டுப் போனதில்லை. நாட்டு மருந்துக் கடைக்காரர் ஊருக்குப் போனபோது நீங்கள் சுக்கும் திப்பிலியும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். எது சுக்கு எது திப்பிலி என்று வாங்க வந்தவரையே கேட்டு.

வெள்ளிக்கிழமை மதியம் மசூதியில் பாங்கு சொன்னதும் உங்கள் ஸ்டூல் குறுக்கே விழும். வாசலில் பைகள் தொங்குகிற கடை என்பதால் நான் என் கடையை மருந்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு உங்கள் நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்துவிடுவேன். ஜிப்பை மூன்று பக்கமும் இழுத்துக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும், பிள்ளையின் முதுகில் மாட்டிவிட்டுத்தான் அம்மாவிடம் பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிவைத்திருந்தீர்கள். முதுகில் ஏறின பையைப் பிள்ளை இறக்கவே இறக்காது, வியாபாரம் முடிந்தது என்பீர்கள். பலே கைகாரர்தான் நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குச் சிக்கல். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ரயிலேறி வந்து சாமான் வாங்குகிற நாள் அது. சர்ச்சில் கொயரில் பாடிக்கொண்டிருந்தவள், கடை போட்ட பிறகு ஆராதனைக்கே போகவில்லை. யாரிடமும் சொல்லிப் புலம்பவும் இல்லை. துணி மடிக்கும்போது முணுமுணுவென்று பாடுவேன் போலிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுத்தான் நீங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை நான் உட்கார்கிறேன், நீ போய்ப் பாடிவிட்டு வா என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது பை இல்லை பாய், கலர் விஷயம், இம்மி பிசகினால் துணியைத் தூக்கி மூஞ்சியில் எறிவார்கள் என்றேன். கத்துக் குடு என்றீர்கள்.

கூட்டமில்லாத சாயங்காலங்களில் வந்து என் அலமாரி முன்னால் நிற்பீர்கள். மேல் தட்டில் இடது கோடி என்ன, அதற்கு அடுத்தது என்ன, கீழ்த் தட்டில் மூலையில் என்ன என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்பீர்கள். அரக்கு, அதற்கடுத்து மாதுளை, அதற்கடுத்து கிளிப்பச்சை என்று நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்வீர்கள். என்ன பொறுப்பான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தால் தெரிகிற விஷயத்தை எதற்கு இப்படி மனப்பாடம் செய்கிறார் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

அப்புறம் வருஷக்கணக்கில் ஒரு ஞாயிறு கூட நான் ஆராதனையை விட்டதில்லை. திரும்பி வந்ததும் உங்கள் முதல் கேள்வி, இன்றைக்கு என்ன பாட்டு என்பதுதான். டீயைக் குடித்துக்கொண்டே ஒரு வரி பாடிக் காட்டுவேன். பெரிய வித்வான் மாதிரி தலையை ஆட்டிவிட்டு, கொஞ்சம் இழுவையா கீது என்று சொல்லிவிட்டு உங்கள் கடைக்குப் போய்விடுவீர்கள். ஒரு புகார் வந்ததில்லை. உங்களிடம் வாங்கின பெண்கள், பாய் நல்லா பொறுமையா எடுத்துக் குடுப்பாரு, வாசல் வெளிச்சத்துல கொண்டுபோய் உங்க கண்ணாலயே பாத்துக்கங்கன்னு சொல்லுவாரு என்று என்னிடமே புகழ்ந்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமை கூட வந்தது.

அந்தக் கல்யாண வீட்டுக் கதை வந்தது என் மகள் புண்ணியத்தில். காலேஜ் லீவில் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தவள், என்னம்மா எல்லாம் தாறுமாறாக இருக்கிறது என்று அலமாரி மொத்தத்தையும் கலைத்து, பாசிப்பச்சையில் ஆரம்பித்து அரக்கு வரைக்கும் நிறம் நிறமாக வரிசையாக அடுக்கிவிட்டாள். பார்க்க வானவில் மாதிரி அவ்வளவு அழகு. நானும் பூரித்துப் போய்ப் பூட்டிக்கொண்டு போனேன். மறுநாள் சர்ச்சுக்குப் போய்விட்டேன்.

அன்றைக்குப் பார்த்து வந்தவர் ஆம்பளை. மணப்பெண்ணின் தாய்மாமன். ரவிக்கைக்கு அரக்கு லைனிங் வாங்கி வா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெளிச்சத்தில் பார்க்கவும் தெரியாது, விரித்துப் பார்க்கவும் நேரமில்லை, ரயிலைப் பிடிக்கிற அவசரம். நீங்கள் மேல் தட்டு இடது கோடியிலிருந்து எடுத்து வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்தீர்கள். திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும்போதே அந்த வீட்டு அம்மா வாசலில் நிற்கிறார். கையில் பாசிப்பச்சைத் துணி. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, தையல்காரர் கையை விரித்துவிட்டார், எங்களைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று தெருவே கூடும்படி சத்தம். அவரைச் சமாதானம் செய்து உட்கார வைத்துவிட்டு நேராக உங்கள் கடைக்கு வந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"பாய், அரக்குக்கும் பச்சைக்கும் கூடவா வித்தியாசம் தெரியாது?" என்று கேட்டேன்.

"தெரியாதுமா" என்றீர்கள்.

கையில் ஒரு பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கு ரெண்டும் ஒண்ணு மாரிதான் கீது. பொறந்ததுலேருந்தே அப்படித்தான்."

இத்தனை வருஷமாக ஞாயிறு தவறாமல் மேட்சிங் கடையில் உட்கார்ந்து கலர் விற்ற மனுஷன். எல்லாம் இடத்தை வைத்து, தட்டை வைத்து, வந்தவர்களின் கண்ணை வைத்து. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லிருந்தா நீ பாட்டு பாடப் போயிருப்பியா?"

பாய், அன்றைக்கு உங்கள் முன்னால் அழக் கூடாது என்றுதான் திரும்பி என் கடைக்கு ஓடினேன். கோபத்தில் போகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. என் அப்பா, என் வீட்டுக்காரர், கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் என்மேல் பிரியமாக இருந்தவர்கள்தான். ஆனால் ஒரு பாட்டுக்காக எனக்கென்று இவ்வளவு மெனக்கெட்டவர் நீங்கள் ஒருத்தர்தான். இதை உங்கள் முகத்துக்கு நேராக நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அன்றைக்கே நீங்கள் நிஜமான அரக்குத் துணியை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவுடன் ரயிலேறி, தையல்காரர் கையிலேயே சேர்த்துவிட்டு வந்தீர்கள். கவரை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போனீர்கள். வழியில் வேறு துணியோடு மாறிவிட்டால் எனக்குத் தெரியாதே என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு, அதுவரைக்கும் கத்திக்கொண்டிருந்த அந்த அம்மா சிரித்துவிட்டார். கல்யாணத்துக்கு நம் இரண்டு பேரையும் கூப்பிட்டு, பந்தியில் பக்கத்தில் நின்று பரிமாறினாரே, நினைவிருக்கிறதா?

நான் அன்று சாயங்காலமே அலமாரியைப் பழையபடி கலைத்து அடுக்கினேன். மகளுக்கு வருத்தம். காரணம் சொல்லவில்லை. வரிசையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. சிக்னலில் பக்கத்து ஆள் நகர்ந்தால்தான் நீங்கள் நகர்வீர்கள். மார்க்கெட்டில் நீங்கள் தக்காளி வாங்கினால் பாதி காய் என்று உங்கள் வீட்டு அக்கா திட்டுவார். உங்கள் கடையில் எப்போதும் கறுப்புப் பையும் நீலப் பையும்தான் முன்னால் தொங்கும். இனி அந்த அலமாரியை நான் எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்கலாம். கேட்க ஆளில்லை. மாற்றவில்லை.

தெரு மாறியதைப் பற்றி நான் புலம்பினால் உங்களுக்குப் பிடிக்காது. மருந்துக் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். டீக்கடை பேக்கரி ஆகிவிட்டது. எதிரே ஐந்து மாடித் துணிக்கடை வந்தபோது, அதில் பை கூட விற்கிறான் பாய் என்று நான் பதறிக்கொண்டு வந்து சொன்னேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? உள்ளே நகரும் படிக்கட்டு வைத்திருக்கிறான், வா பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனீர்கள். நான் முதல் படியில் கால் வைக்கப் பயந்து நிற்க, நீங்கள் மேலே போய்க் கையை ஆட்டினீர்கள். இறங்கி வந்து மறுபடியும் ஏறினீர்கள். வாட்ச்மேன் முறைத்தான். புதுசு வரத்தான் செய்யும்மா, வரவங்களுக்கும் பசி கீதுல்ல என்றீர்கள். ஆனால் அந்தப் புதுக் கடைகளில் யாரும் ஸ்டூலைக் குறுக்கே போடுவதில்லை. பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். கேமரா வைத்திருக்கிறார்கள். அந்தக் கேமரா வந்தவர்களை உட்காரச் சொல்லுமா?

கார்த்திகை மழையில் நீங்கள் போனீர்கள். காலையில் உங்கள் மகன் போன் செய்தபோது நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னான். உங்கள் வீட்டுக்குப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உங்களை எடுத்துக்கொண்டு மார்க்கெட் வழியாக வருவார்கள் என்று தெரிந்ததும் முன்னாலேயே கடைக்கு வந்துவிட்டேன். வரிசையில் எல்லோரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் நின்றார்கள். செல்போன் கடைப் பிள்ளைகள் கூட நின்றார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்கள் ஸ்டூலை எடுத்து உங்கள் கடை வாசலில் குறுக்கே போட்டேன். தூக்கிக்கொண்டு போனவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் நின்றார்கள்.

மனசு உங்களைத் தேடுது பாய். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துப் பார்த்தேன். நல்ல பெண், கலரெல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் திரும்பி வந்தால் என்ன பாட்டு என்று கேட்கமாட்டாள். இப்போது ஞாயிறு காலையில் பூட்டிவிட்டுத்தான் போகிறேன். போகாமல் இருக்கவில்லை. போகாவிட்டால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள்.

இன்று மதியத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை, பாங்கு சொன்னார்கள். யோசிக்கவே இல்லை, கை தானாக என் ஸ்டூலை எடுத்துக் குறுக்கே போட்டுவிட்டு உங்கள் ஷட்டரைத் தூக்கிவிட்டது. வாசனையெல்லாம் பார்த்து முடித்து, ஷட்டரை முழுதாக ஏற்றிவிட்டு, மகன் விட்டுப்போன அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்ச நாளில் இடிக்கிற கடை, விற்க ஒரு சாமான் இல்லை, நான் காவல்.

அப்போது ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, இடுப்பில் ஒரு குழந்தை. மாடம்பாக்கத்திலிருந்து வருகிறாளாம். குழந்தையை எல்கேஜி சேர்த்திருக்கிறாளாம், பை வாங்க வேண்டும். வெற்றுக் கொக்கிகளை அண்ணாந்து பார்த்தாள்.

"என் ஃபர்ஸ்ட் ஸ்கூல் பேக் இங்கதான் ஆன்ட்டி வாங்கினோம். பாய் என் முதுகுல மாட்டிவிட்டாரு, நான் கழட்டவே மாட்டேன்னு அழுதேனாம். இவளுக்கும் அவர் கையாலதான் வாங்கணும்னு வந்தேன். பாய் இல்லீங்களா?"

போய்விட்டார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தொழுகைக்குப் போயிருக்காரும்மா" என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. கர்த்தர் மன்னிக்கட்டும். அவள் நம்பிவிட்டாள். பரவாயில்லை ஆன்ட்டி, சரக்கு வந்ததும் பார்த்துக்கொள்கிறேன், பாயைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, குழந்தையை எனக்கு டாட்டா காட்டச் சொல்லிவிட்டுப் போனாள். கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் மூலை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் போனபிறகு நன்றாக அழுதேன். நீங்கள் போன அன்றைக்குக் கூட அப்படி அழவில்லை.

அவள் மறுபடியும் வருவாள். அவளை மாதிரி எத்தனை பேர் முதுகில் நீங்கள் பை மாட்டிவிட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருத்தராகத் தங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த மார்க்கெட்டுக்கு வருவார்கள். ஓட்டுக் கூரை இருக்காது, கண்ணாடிக் கட்டடம் இருக்கும். இங்கே ஒரு பை கடை இருந்ததே என்று அங்கே புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளிடம் கேட்பார்கள். தெரியாதுங்க என்று அந்தப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, தெரியாதுதானே.

மகளுக்குப் போன் செய்து, திங்கட்கிழமை புதுக் கடைக்குச் சம்மதம் சொல்லப் போகிறேன் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வயசுல யாருக்காகம்மா அங்க போய் உக்காரப் போற என்று கேட்டாள்.

"பாய் எங்கேன்னு கேட்டு வர்றாங்கடி. பதில் சொல்ல ஒரு ஆள் வேணாமா?" என்றேன்.